வேற்றுலகில் அறிவுள்ள உயிர் இருப்பதாக நாளை அறிவித்தால், எங்கள் ஊருக்கு அதை யார் சொல்வது?

துணுக்காய் ரீச்சர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். துணுக்காய்ப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அதனால் இங்கே போடுகிறேன்.

கேள்வி வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்மையில் ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு ஸ்டார்லிங்க் செய்மதிகள் வானத்தில் வரிசையாகப் போயிருக்கின்றன. குளக்கட்டில் நின்றவர்கள் வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். காலையில் நான் வகுப்புக்குள் போக முன்பே கதை போய்விட்டது. ஒருவன் வேற்றுக்கிரகவாசி என்றான். இன்னொருவனின் வீட்டில் அது திரும்பவும் 'வண்டு' வந்துவிட்டது என்றாகி, அவனுடைய அம்மம்மா இரவு முழுக்கப் படுக்காமல் இருந்திருக்கிறார். (வெளியூர்க்காரருக்கு: சண்டைக் காலத்தில் எங்கள் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானத்தை அப்படித்தான் சொல்வோம்.)

ஒரு ரொக்கெட்டில் இருபதுக்கு மேற்பட்ட செய்மதிகளை ஒன்றாகக் கொண்டுபோய் விடுகிறார்கள், முதல் சில நாள் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் போகும், நிலத்தில் இருட்டிய பிறகும் அந்த உயரத்தில் வெயில் படுவதால் மின்னும் என்று விளக்கினேன். பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள். அப்போதுதான் பின்வரிசையில் இருந்து ஒரு பிள்ளை கேட்டாள்: "ரீச்சர், உண்மையாகவே ஒரு நாள் கண்டுபிடிச்சால் எங்களுக்கு ஆர் சொல்லுவினம்? அவையள் சொல்லுறதை நாங்கள் நம்பலாமோ?"

2025 ஏப்ரலில் கே2-18பி கிரகச் செய்தி வந்தபோது நடந்தது நினைவுக்கு வந்தது. 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் ஒரு கிரகத்தின் வளிமண்டலத்தில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு வாயுவின் தடயம் இருக்கலாம் என்றுதான் கேம்பிரிட்ஜ் குழு சொன்னது. மற்ற ஆய்வாளர்கள் அதே தரவைப் பார்த்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். எங்கள் ஊருக்கு அது கனடாவில் இருக்கும் மாமாமார் அனுப்பிய யூடியூப் வீடியோவாக வந்தது. அதில் பச்சை முகத்துடன் ஒருவர் வேறு இருந்தார்!

இருக்கிறார்களா இல்லையா என்ற வாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று உலகத்தில் யாராவது திட்டம் வைத்திருக்கிறார்களா? எங்களைப் போன்ற ஒரு ஊரை முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவது என்றால் அதில் என்ன இருக்க வேண்டும்? பாடசாலையில் ஏதாவது செய்யலாம் என்று நினைக்கிறேன்.

வவுனியா அன்ரனா எழுதியது:

ரீச்சர், திட்டம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சட்ட பலம் எதுவும் இல்லை. சர்வதேச விண்வெளிப் பயண அகாடமி 1989இல் ஒரு கொள்கைப் பிரகடனம் வெளியிட்டது, 2010இல் அதைத் திருத்தியது. அதன் சாரம்: விண்வெளியில் இருந்து சைகை (ரேடியோ சமிக்ஞை போன்றது) கிடைத்தால் முதலில் சரிபார். மற்ற ஆய்வாளர்களிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல். உறுதியானால் ஒளிக்காமல் எல்லோருக்கும் சொல். உலக நாடுகள் கலந்து பேசாமல் பதில் அனுப்பாதே. விஞ்ஞானிகள் தாங்களாக ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். 2022இல் ஸ்கொட்லாந்தின் சென்ட் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகம், கண்டுபிடிப்புக்குப் பிறகு சமூகம் என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கவே ஒரு மையம் தொடங்கியது. செய்தி எவ்வளவு பெரியது, எவ்வளவு நம்பத்தக்கது என்று 0 முதல் 10 வரை புள்ளி போட ரியோ அளவுகோல் என்று ஒன்றும் இருக்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை அவுஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி. அங்கே பல ஆண்டுகளாக விளங்காத ஒரு வகைச் சைகை வந்துகொண்டிருந்தது. 2015இல் கண்டுபிடித்தார்கள்: வேலை முடிய முன்னரே மைக்ரோவேவ் அடுப்பின் கதவைத் திறந்தவர்கள்தான் காரணம். பகிடி இல்லை, ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது.

அதே தொலைநோக்கியில் 2019 ஏப்ரல், மே மாதங்களில் எங்களுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிரொக்ஸிமா சென்டாரியின் திசையில் இருந்து 982 மெகாஹேர்ட்ஸில் ஒரு சைகை பதிவானது. பிஎல்சி1 என்று பெயர் வைத்தார்கள். பார்த்து முடிக்கும் முன்பே 2020 டிசம்பரில் விஷயம் பத்திரிகைக்குக் கசிந்துவிட்டது. 2021 அக்டோபரில் அது மனிதக் கருவிகளின் இடையூறு என்று முடிவு சொன்னார்கள். 1989இல் எழுதிய ஒழுங்கு ஒரு கசிவோடு போய்விட்டது பாருங்கள்.

1967இல் ஜோசலின் பெல் என்ற மாணவி 1.3 செக்கனுக்கு ஒரு தடவை சீராகத் துடிக்கும் சைகையைக் கண்டபோது, அவருடைய குழுவும் இதை எப்படி வெளியே சொல்வது என்று குழம்பியது. வானத்தின் வேறொரு மூலையில் அதேபோல் இன்னொன்றை அவரே கண்டபிறகுதான் அது இயற்கையானது என்று தெளிந்தது. பல்சர்கள் என்னும் துடிக்கும் விண்மீன்களைக் கண்டுபிடித்த கதை அது.

ஆகவே, வானத்தில் இருந்து கப்பல் இறங்குவது போல ஒரு நாள், ஒரு மணித்தியாலம் என்று இது வராது என்பது என் அபிப்பிராயம். ஒரு மங்கலான தடயம், அதன்மேல் பல ஆண்டு வாதம். 1996இல் செவ்வாயில் இருந்து வந்த விண்கல்லில் உயிரின் சுவடு இருப்பதாகச் சொல்லி, அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் வந்து பேசினார். அந்த வாதமே இன்னும் முழுதாக அடங்கவில்லை.

இன்னொன்று. நாசா கேட்டு ப்ரூக்கிங்ஸ் நிறுவனம் 1960இல் கொடுத்த அறிக்கை, தங்களைவிட மேலான ஒரு அறிவைக் கண்டால் மற்றவர்களைவிட விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும்தான் கூடுதலாக நொறுங்கிப் போகலாம் என்கிறது. சாமானிய சனத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள்.

மாங்குளம் சந்தி எழுதியது:

வரட்டும். ஏ9 வீதியால் வந்தால் சந்தியில் ஒரு பிளேன்ரீ குடிக்காமல் போக முடியாது. இறங்குகிற இடத்தில் யாராவது ஏற்கனவே எல்லைக்கல் நட்டிருந்தால் அவர்களுக்கும் எங்களைப் போலக் காணி வழக்குத்தான். பத்து வருடம் இழுக்கும். அதற்குள் தமிழ் படித்துவிடுவார்கள்.

பழைய ஜீ.எஸ். எழுதியது:

ரீச்சர், நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் கிராம அலுவலராக இருந்து ஓய்வுபெற்றவன். வானம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் "எல்லோருக்கும் சொல்" என்று வவுனியாத் தம்பி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன வேலையைத்தான் நான் என் உத்தியோக காலம் முழுக்கச் செய்தேன். அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் திட்டத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது 2011 ஆகஸ்ட் மாதத்தை. கிறீஸ் பூதம். உங்கள் மாணவர்களுக்குத் தெரியாது, அவர்களின் அம்மாமாரிடம் கேட்கச் சொல்லுங்கள். உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறவன் என்று கதை. தெற்கில் தொடங்கி மலையகம், கிழக்கு, மன்னார், யாழ்ப்பாணம் என்று நாடு முழுக்கப் பரவியது. மீள்குடியேறிச் சில மாதங்களே ஆன சனம். தகரக் கொட்டில், கதவுக்குத் தறப்பாள், மின்சாரம் இல்லை, பல வீடுகளில் ஆண் துணை இல்லை. அப்படி இருக்கிற இடத்தில் இந்தக் கதை எப்படி வேலை செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இரவிரவாக பொல்லுகளோடு காவல். ஊருக்குள் புதிதாக வந்த வியாபாரியைப் பிடித்துக் கட்டி வைத்தார்கள். நான் போய்த்தான் அவரை அவிழ்த்துவிட்டேன்.

மேலிடத்தில் இருந்து மறுப்பு வந்தது. "அப்படி ஒன்றும் இல்லை, மக்கள் பீதியடையத் தேவையில்லை." அன்றிரவு பயம் இரண்டு மடங்கானது. ஏனென்றால் மறுத்தவர்கள் மீதே சனத்துக்குச் சந்தேகம். எங்கள் பிரிவில் கொதிப்பைத் தணித்தது குடும்பநல மாது. சைக்கிளில் வீடு வீடாகப் போகிறவர், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு நிறை பார்த்தவர். "பூதம் இல்லை" என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. "நேற்று இரவு ஒரு பிரசவத்துக்காக அந்த ஒழுங்கையால் தனியே வந்தனான். ஒருத்தரையும் காணேல்லை. இன்றைக்கும் வருவன். கண்டால் சொல்லுறன்" என்றார். அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார்.

இதை வைத்துத்தான் சொல்கிறேன். அவர் தனக்குத் தெரிந்ததை, எங்கே எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று சொன்னார். தெரியாததைத் தெரியாமலே விட்டார். திரும்பி வந்தார். நீங்கள் ஆயத்தம் செய்வதென்றால் அப்படி நாலைந்து பேரை இப்போதே கண்டுபிடித்து வையுங்கள். பதவியைப் பார்க்க வேண்டாம். எங்கள் பகுதியில் என்றால் நான் குடும்பநல மாது, கமக்கார அமைப்பின் செயலாளர், கோயில் பரிபாலன சபையில் ஒருவர், பங்குத் தந்தை, கடற்கரைப் பக்கம் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் என்று தொடங்குவேன். விஷயம் சரியா பிழையா என்று அவர்கள் கேட்க ஒருவர் வேண்டும். அது விஞ்ஞான ரீச்சர், வேறு யார்?

சுனாமியையும் சொல்ல வேண்டும். 2004இல் கடல் ஊருக்குள் வரும் என்று முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தந்திருக்கவில்லை. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்து எச்சரிக்கை கொடுத்தபோது, சொல்லி வாய் மூடும் முன் சனம் ஓடிவிட்டது. பெரிய அலை வரவில்லை. "சும்மா ஓட வைச்சிட்டாங்கள்" என்று சிலர் ஏசினார்கள். என்னைக் கேட்டால் அது மிக நல்லாக நடந்த நாள். ஆனாலும் வராத அலைக்கு இரண்டு தடவை ஓடியவர் மூன்றாம் தடவை யோசிப்பார். தம்பி சொன்ன பிஎல்சி1 போல நாலு வந்தால், ஐந்தாவது உண்மையாக இருந்தாலும் எங்கள் சனம் கொட்டாவி விடும். பீதியைவிட எனக்கு அந்தக் கொட்டாவிதான் பயம்.

சண்டைக் காலத்தில் ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு, "பாதுகாப்பான இடம்" என்று காட்டிய பக்கம் நடந்தவர்களின் கதை எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அதை இங்கே நீட்ட விரும்பவில்லை. ஆனால் "யாரும் பயப்படத் தேவையில்லை" என்று தொடங்கும் அறிவித்தலைக் கேட்டால் வன்னியில் சனம் மூட்டை கட்டத் தொடங்கும் என்பதை, ஜெனீவாவில் இருந்தாலும் ஸ்கொட்லாந்தில் இருந்தாலும், திட்டம் எழுதுகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

சமயம் குலைந்துவிடும் என்ற கவலை எனக்கு இல்லை. சைவத்தில் அண்டங்கள் எண்ணிக்கை இல்லாமல் கிடக்கின்றன, இன்னும் ஒன்றில் ஆள் இருந்தால் ஐயர் பூசையை நிறுத்த மாட்டார். மடு மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கருக்கும் பிரச்சினை இல்லை. வத்திக்கான் வானியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்த ஃபூனெஸ் பாதர், கடவுளை நம்புவதும் வேற்றுலக உயிரை நம்புவதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்று 2008இலேயே சொல்லிவிட்டார். நொறுங்கப் போவது பொறியியலாளர்தான் என்று தம்பியே எழுதியிருக்கிறார். அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

என் காலத்தில் இல்லாத ஒன்று: இப்போது யாருடைய குரலிலும் எதையும் பேச வைக்கலாம். உண்மையான அறிவித்தல் வருவதற்கு முன்னால் அதன் போலி பத்துத் தடவை வந்திருக்கும். அதனால்தான் நேரில் முகம் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறேன்.

முத்தையன்கட்டு இடதுகரை எழுதியது:

ஐயா எழுதியது சரி. நான் வேறு பக்கத்தால் வருகிறேன். மனிதரல்லாத அறிவு எப்போது வரும் என்று கேட்கிறீர்கள். எங்கள் வயலுக்குக் காலபோக அறுவடை நேரத்தில் ஒவ்வொரு வருடமும் வருகிறது.

மின்வேலி போட்டோம். கம்பியில் தந்தம் பட்டால் அடிக்காது என்று யானை கண்டுபிடித்தது. தந்தம் இல்லாதது காய்ந்த மரத்தைக் கொண்டுவந்து கம்பியின் மேல் போட்டது. பற்றரி இறங்கிய இரவு எது என்று எங்களுக்கு முன்னால் அதற்குத் தெரிகிறது. கென்யாவில் 469 யானை அழைப்புகளைக் கணினியில் ஆராய்ந்து, அவை ஒன்றையொன்று பெயர் போன்ற ஒலியால் கூப்பிடுகின்றன என்று 2024இல் வெளியிட்டார்கள். பதிவு செய்ததைப் போட்டுக் காட்டியபோது, தன்னைக் கூப்பிட்ட குரலை நோக்கி யானை வேகமாக வந்ததாம். அது ஆபிரிக்க யானை. எங்களுடையதும் மக்கு இல்லை.

பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு வரிசைத் தென்னம்பிள்ளை போனது, பக்கத்துக் காணிக்காரர் உயிரே போனது. 2023இல் மட்டும் இந்த நாட்டில் 470க்கு மேற்பட்ட யானைகளும் 160க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்தப் பிணக்கில் செத்திருக்கிறார்கள். கொழும்பில் இருந்து பார்க்கிறவருக்கு யானையின் அறிவு அதிசயம். வேலிக்கரையில் இருக்கிற எனக்கு அது செலவு. விண்வெளி விஷயத்திலும் இப்படித்தான் வரும். மேசையில் இருந்து பேசுகிறவர் ஒருவர், வேலிக்கரையில் இருக்கிறவர் இன்னொருவர். பதில் அனுப்ப முன் உலக நாடுகள் கலந்து பேசும் என்று தம்பி எழுதியிருக்கிறார். அந்த மேசையில் வேலிக்கரைக்காரர் யார் இருப்பார்?

வவுனியா அன்ரனா எழுதியது:

அக்கா, நல்ல கேள்வி. ஏற்கனவே ஒரு தடவை யாரையும் கேட்காமல் அனுப்பியும் விட்டார்கள். 1974 நவம்பர் 16ஆம் திகதி அரெசிபோ தொலைநோக்கியில் இருந்து எம்13 விண்மீன் கொத்தை நோக்கி 1,679 இலக்கங்கள் கொண்ட செய்தி போனது. போய்ச் சேர 25,000 ஆண்டு வரை ஆகும். அந்தத் தொலைநோக்கியே 2020இல் இடிந்து விழுந்துவிட்டது.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். யானை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. பிரொக்ஸிமாவில் யாராவது இருந்தாலும், நாங்கள் கேட்டு அவர்கள் பதில் சொல்ல எட்டரை ஆண்டு. வேலியே வேண்டாம்.

முத்தையன்கட்டு இடதுகரை எழுதியது:

தம்பி, என்னுடைய கவலை அவர்கள் வருவது பற்றி அல்ல. அவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு இங்கே யார் வருவார்கள் என்பது பற்றித்தான். ஒரு பெரிய அன்ரனா போட ஐந்நூறு ஏக்கர் வேண்டும் என்றால் எந்தக் காட்டை, யாருடைய வயலைக் கேட்பார்கள்?

துணுக்காய் ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இடதுகரை அக்காவின் கேள்வியை அப்படியே தரம் 11 விவாதத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். அதற்கு நான் விடை சொல்லப் போவதில்லை.

தரம் 10க்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பார்த்தேன். பிஎல்சி1 செய்தியை மூன்று துண்டாக்கினேன்: 2019இல் பதிவானது, 2020இல் கசிந்தது, 2021இல் முடிவு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு துண்டு மட்டும். அடுத்தது என்ன என்று தெரியாமல், ஊரில் வாசிக்க ஒரு அறிவித்தல் எழுத வேண்டும். 2020 துண்டு கிடைத்த குழு பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! கடைசியில் எழுதியது இது:

"அன்பான ஊர் மக்களே, அவுஸ்திரேலியாவில் உள்ள ஒரு தொலைநோக்கி விண்வெளியில் இருந்து ஒரு சைகையைப் பிடித்திருக்கிறது என்று பத்திரிகையில் வந்திருக்கிறது. யாரும் பதற வேண்டாம். இது மனிதர் செய்த கருவியில் இருந்து வந்ததாகவும் இருக்கலாம். விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வீடியோ வந்தால் அனுப்பியவரிடம் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். மேலும் தெரிந்தால் சொல்வோம்."

ஐயா, உங்கள் கண்ணால் இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். நிற்குமா?

பழைய ஜீ.எஸ். எழுதியது:

பிள்ளைகள் என்னைவிட நல்ல தமிழ் எழுதுகிறார்கள். "யாரும் பதற வேண்டாம்" என்பதை வெட்டுங்கள், காரணம் மேலே சொன்னேன். எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி என்று போடுங்கள். "மேலும் தெரிந்தால் சொல்வோம்" என்பது எங்கள் கந்தோர்ப் பாஷை, யாரும் நம்ப மாட்டார்கள். "வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வாசிகசாலையில் இருப்போம், ஒன்றும் தெரியாவிட்டாலும் வருவோம்" என்று எழுதச் சொல்லுங்கள். கீழே யார் எழுதியது என்று பெயரும் வீட்டு அடையாளமும் வேண்டும்.

மூன்று குழுவும் எழுதியதை அனுப்புங்கள். 2021 துண்டு கிடைத்தவர்கள் "அது பிழையான செய்தி" என்று எழுதியிருந்தால் அவர்களோடு எனக்குக் கொஞ்சம் கதைக்க இருக்கிறது. சைகை வந்தது உண்மை. எங்கிருந்து வந்தது என்பதுதான் மாறியது.